அக்கா வீட்டு மின்ட்

நம்பிராஜன் முந்தின நாள்தான் லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளத்தின் இன்னொரு வகையைப் புதிதாக ஏற்றியிருந்தான். காலையில் பிரிண்டர் அசையவில்லை. வினாத்தாளோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பவேண்டிய உமாராணி, தூங்கும் கணவனை எழுப்பவில்லை. எழுப்பினால் பென்டிரைவைச் செருகி இன்னொன்றை ஏற்ற ஆரம்பித்துவிடுவான். காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்.

'ஏங்க, சொதி அடுப்புல இருக்கு, சுட வச்சுச் சாப்பிடுங்க. சாரல் விழுது, மாடித் துணிய எடுத்துப் போடுங்க.

உபுண்டு கனமா இருக்குன்னு மின்ட் போட்டீய. மின்ட் பழசா தெரியுதுன்னு இப்ப ஃபெடோரா. ஒவ்வொரு தடவையும் "சாதாரண ஆளுகளுக்கு இதான் லேசு"ங்கீய. அந்தச் சாதாரண ஆளு நான்தான? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா? போன தடவ தமிழ் கீபோர்ட சேக்க மறந்தீய, இந்தத் தடவ பிரிண்டர. கொஸ்டின் பேப்பர் நல்லவேளை மெயில்ல இருக்கு. போற வழியில இலஞ்சில உங்க அக்கா வீட்ல பிரிண்ட் எடுத்துக்கிடுதேன்.'

ஆத்திரம் அடங்கவில்லை. அடியில் மிஞ்சிய இடத்தில் பொடி எழுத்தில் நெருக்கினாள்.

'அக்காவுக்கும் நீங்க போட்ட அதே மின்ட்தான். மூணு வருசமா நல்லா ஓடுது. நீங்க அங்கன குடியிருக்கல, அதான்.'

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, ஓரத்தில் ஒரு வரி சேர்த்தாள்.

'பென்டிரைவைத் தேடாதீய. என் பையில இருக்கு.'