தணிகை எழுதாத மெசேஜ்

ஷோபனா,

சோறு வடித்து வைத்திருக்கிறேன். கீரை சட்டியில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். முதல் ரயிலில் திருவள்ளூர் போகிறேன், கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க. உன் பாஸ்போர்ட் என் பையில் இருக்கிறது. தேடாதே.

ராத்திரி கத்திவிட்டேன். "அண்ணன் இங்கிலீஷ் கத்துகினான்னு சந்தோஷப்படு நைனா" என்று நீ சொன்னதால்தான். இங்கே இருந்தவரை தணிகையின் மெசேஜில் நாலு வார்த்தைக்கு மூணு தப்பு என்று நீதானே சிரிப்பாய்? கம்போடியா போன ஒரு மாசத்தில் ஒரு புள்ளி பிசகாமல் எழுதுகிறானாம். போன் போட்டால் எடுப்பதில்லை. நீயும் வேலைக்குக் கிளம்பி வா என்று மட்டும் எழுத்தில் வருகிறது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மூட்டை தூக்குகிறவன் நான்; மறுமுனையை வேறு ஆள் பிடித்தால், பார்க்காமலே எனக்குத் தெரியும்.

அண்ணனை அனுப்பிய ஏஜென்ட் உன் பாஸ்போர்ட் கேட்டு காலையில் வருவான். கதவைத் திறக்காதே. வீட்டைப் பூட்டிக்கொண்டு ரம்ஜான் பீ அக்கா வீட்டில் போய் இரு.

நைனா

இன்னொன்று. தணிகை பெயரில் எழுதுகிறவனைச் சோதிக்க, "கன்னியம்மா அத்தை உன்னைக் கேட்டுகினே இருக்குது" என்று நேற்று மெக்கானிக் நஜீர் பாயை விட்டு என் போனில் இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். அத்தைக்கு நம் தணிகைதானே கொள்ளி வைத்தான்? பதில் வந்திருக்கிறது. பாய் இப்போதுதான் வாசலில் நின்று படித்துத் தமிழில் சொன்னார்:

"அத்தையை மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். ஷோபனா எப்போது கிளம்புகிறாள்?"