நீ பார்க்காமல் எடுத்த படங்கள்

இன்று காலை காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது என் போன் தானாகவே ஒரு பழைய படத்தை எடுத்துக் காட்டியது. பப்பாளி இலையில் பாதி, கொஞ்சம் வானம், மூலையில் மங்கலாக உன் கட்டைவிரல். வேறு யாராவது பார்த்தால் கை தவறி எடுத்தது என்று அழித்துவிடுவார்கள். நான் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் படத்தில் ஒரு தேன்சிட்டு இருக்கும் என்று நீ நினைத்தாய். இல்லை. அன்றே உன்னிடம் சொல்லிவிட்டேன்.

நாகர்கோவிலில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாட்களில் நீ எப்போதும் கடலைப் பற்றித்தான் பேசுவாய். முட்டத்துக்காரி. நான் சுசீந்திரத்து வயல்களுக்கு நடுவே வளர்ந்தவள். அலைச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வராது. கல்யாணம் நம் இருவரையும் இடம் மாற்றிப் போட்டது. நீ தக்கலைக்கு மேற்கே, ரப்பர் மரங்கள் சூழ்ந்த வீட்டுக்குப் போனாய். நான் சொத்தவிளைக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தேன்.

கையில் போன் வந்த பிறகு இருவரும் இருப்பதைப் பரிமாறிக்கொண்டோம். காலையில் வீட்டுக்காரரோடு நடக்கப் போகும்போது நான் உனக்குக் கடலை அனுப்புவேன். நீ பின்வாசல் தோட்டத்தை அனுப்புவாய்: பலாமரத்தில் தலைகீழாக இறங்கும் அணில், கிணற்றுச் சுவரில் வெயில் காயும் ஓணான், செம்பருத்தி வேலிக்குள் பாதி ஒளிந்த செம்போத்து. சாயங்காலம் உன் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே நாடகம் ஓடும். விளம்பரம் வந்ததும் உன் அழைப்பு வரும். "இந்தச் சவத்துக்கு இன்னும் புத்தி வரல பாத்தியா?" என்பாய். கதாநாயகியைத்தான்.

பிறகு சர்க்கரை உன் கண்ணில் இறங்கியது. ஒரு கண், அடுத்த வருடம் இன்னொன்று. திருவனந்தபுரம் வரை போய் வந்தீர்கள். வெளிச்சம், இருட்டு என்ற வித்தியாசம் மட்டும் மிஞ்சியது. உனக்குப் படம் அனுப்பவும் மனம் வராமல், அனுப்பாமல் இருக்கவும் முடியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தபோது, உன்னிடமிருந்து ஒரு படம் வந்தது. முழுக்கச் செங்கல் சுவர். பின்னாலேயே நீ கூப்பிட்டாய்.

"அங்கன ஒரு கரிச்சான் கத்திச்சு. சத்தத்த வச்சு எடுத்தேன். விழுந்திருக்கா?"

"இல்லட்டி. செவருதான் இருக்கு."

"செரி. எனக்க கண்ணுதான போச்சு, கை போகலையே. நான் எடுக்கேன், நீ பாத்துச் சொல்லு. ஆனா இல்லாதத சேத்துச் சொல்லப்பிடாது. வெறும் எலதான் இருக்குன்னா எலன்னு சொல்லு, கேட்டியா."

அப்படித்தான் நடந்தது. தொட்டதை வாசித்துச் சொல்லும்படி உன் மகன் போனை மாற்றிக் கொடுத்திருந்தான். பத்துப் படங்களில் ஒன்பதில் இலையும் கூரையும் கொடிக்கயிறும் இருக்கும். பத்தாவதில் ஒரு சிறகு, ஒரு வால். அதை நான் சொல்லும்போது நீ குழந்தைபோல் கைதட்டுவது எனக்குக் கேட்கும். பதிலுக்குக் கடலை நான் பேசி அனுப்பத் தொடங்கினேன். நாடகத்தில் வசனம் இல்லாமல் இசை மட்டும் ஓடும் இடங்களில் யார் யாரை முறைக்கிறார்கள் என்று போனில் சொல்வேன்.

அந்தக் காலை நினைவிருக்கிறதா? உன் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். நீ பலாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கூச்சல் போடுகின்றன என்று சொல்லி ஒரு படம் அனுப்பினாய். நான் மணலில் நின்றபடி அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குருவி ஒன்றும் இல்லை. காய்ந்த பலா இலைகள், நாற்காலிக் கால், உன் செருப்பின் நுனி. அதற்குப் பக்கத்தில், இலையோடு இலையாக, சுருண்டு கிடந்தது ஒரு விரியன். உடனே உன்னைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, அனங்காத. கால அசைக்காத."

"என்னட்டி?"

"உனக்க காலுக்குப் பக்கத்துல அணலி கெடக்கு."

போனில் குருவிகளின் கூச்சல் மட்டும் கேட்டது.

"எந்தக் காலு?"

"இடது. ஒரு முழ தூரம் இருக்கும்."

"நிச்சயமாட்டு அணலியா? சாரையாட்டு இருக்கப்பிடாதா?"

"முதுகுல சங்கிலி மாதிரி வட்டம் வட்டமாட்டு தெரியுது."

இதற்குள் என் வீட்டுக்காரர் தன் போனில் உன் மகனைப் பிடித்துவிட்டார். அவன் பக்கத்து வீட்டு தங்கராஜ் அண்ணனைப் போனில் கூப்பிட்டு அனுப்புவதாகச் சொன்னான். அவர் வரும்வரை நீ கல்லாக இருக்கவேண்டும். உன் குரல் நடுங்கவில்லை, மெலிந்திருந்தது, அவ்வளவுதான்.

"வெப்ராளமா வருது. என்னத்தையாவது பேசு. நேத்து இங்கன கரண்டு இல்ல. நாடகத்துல என்ன ஆச்சு?"

"மூத்த மருமக ஆஸ்பத்திரிலருந்து வந்துட்டா."

"தனியாவா?"

"தனியாத்தான். கதவுக்கு உள்ள மாமியாக்காரி நிக்கா."

"கதவத் திறந்தாளா?"

"அதுக்குள்ள விளம்பரம் போட்டுட்டான்."

"சிரிக்க வைக்காத. காலு ஆடுது."

அப்போதுதான் தங்கராஜ் அண்ணனின் குரல் கேட்டது. "அக்கா, நாற்காலியோட சேத்துப் பின்னால இழுக்கேன். பயப்படாதீங்க." ஏதோ உரசும் சத்தம். போன் விழுந்தது. யாரோ ஓடினார்கள். எனக்கு எதிரே கடல் இருந்தது. அதன் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

பிறகு உன் மூச்சு. பாம்பு கல்கட்டுக்குள் போய்விட்டதாம். நீ கேட்ட முதல் கேள்வி இது: "ஏட்டி, போட்டோல நல்லாட்டு விழுந்திருக்கா?"

நான் ஈர மணலில் உட்கார்ந்து அழுதேன். "கொள்ளாம். இதுவர நீ எடுத்ததுலயே இதுதான் நல்ல படம்" என்றேன். பொய் இல்லை.

அதற்குப் பிறகு உன் மகன் பின்வாசல் கதவைப் பூட்டினான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் படங்கள் நின்றன. நாடக நேரத்திலும் நீ ஒன்றிரண்டு வார்த்தையோடு வைத்துவிடுவாய். உன்னைப் பார்க்க நேரில் வந்தேன். மகன் முன்னால் வைத்தே நீ சொன்னாய்: "வீட்டுக்குள்ள இருந்தா எனக்கு ரெண்டாவது தடவ கண்ணு போன மாதிரி இருக்கு மக்கா." அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சருகையெல்லாம் பெருக்கி, மரத்தடியில் உயரமாக ஒரு சிமெண்டு மேடை கட்டிக் கொடுத்தான். மேடையிலிருந்து வந்த முதல் படத்தில் ஒரு முழுச் செம்போத்து இருந்தது, சிவந்த கண்ணோடு.

ஒருமுறை உன்னை சொத்தவிளைக்குக் கூட்டிவந்தேன். அலை காலைத் தொட்டதும் நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: இடதுபக்கம் பாறை, தூரத்தில் ஒரு வள்ளம். நீ என் கையை அழுத்தினாய். "மிண்டாம இரு. இங்கன எனக்கு ஆரும் சொல்லித் தரவேண்டாம்." நான் வாயை மூடிக்கொண்டேன். நெடுநேரம் அப்படியே நின்றாய். உன் புடவை முழங்கால் வரை நனைந்தது. திரும்பும்போது, உனக்குக் கண் போனதை நானும் நீயும் மறந்திருந்தோம்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் கைவிட்டுவிட்டது என்றார்கள். நான் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இங்க சன்னல் உண்டா?" என்று கேட்டாய்.

"உண்டு. வெளிய ஏசிப் பெட்டி மேல ரெண்டு புறா."

"சண்ட போடுதுவளா?"

"இல்ல. ஒண்ணு தூங்குது."

"மத்தது?"

"உன்னப் பாத்துட்டு இருக்கு."

"நிசமாட்டா?"

"நிசமாட்டு."

உண்மையாகவே அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் நீ போய்விட்டாய்.

போன வாரம் தம்பி வீட்டுக்குப் போக சுசீந்திரம் பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் கண் ஆபரேஷன் செய்து கட்டுப்போட்ட ஒரு பெரியவர். இன்னொரு கண்ணும் வெளுத்திருந்தது. "எங்க வந்திருக்கோம்?" என்று மனைவியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த அம்மா அலுத்துப்போய், "சும்மா இருங்க, எறங்கும்போ சொல்லுகேன்" என்றாள்.

நான் முன்னால் குனிந்தேன். "இடது பக்கம் வயலு அண்ணாச்சி. நடவு முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும், தண்ணி நிக்கு. வரப்புல கொக்கு நிக்குதுவ."

அவர் முகம் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பியது. "நெறயவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பஸ் ஆள் ஏற்ற நின்றது. நான் கம்பியில் நெற்றியை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன்.

"ஏழு" என்றேன். அதற்குள் எங்கிருந்தோ ஒன்று பறந்து வந்து காலை நீட்டி இறங்கியது.

"இப்ப எட்டு."