மாடியில் குடிவந்த தாளம்

ஜூன் 3
மாடி அறைக்கு ஆரோக்கியராஜ் என்ற தம்பி குடிவந்தார். சனிக்கிழமைகளில் புதுச்சேரியில் டிரம்ஸ் வாசிப்பாராம். காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். ஜன்னல் கம்பியெல்லாம் நடுங்கியது. இவ்வளவு எழுதுவதற்குள் காபி ஆறிவிட்டது.

ஜூன் 4
மருமகள் வேணி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த மாதம் முழுக்க இரவு வேலை. பகலில்தான் தூக்கம். சிவந்த கண்ணோடு சொன்னாள்: "நீங்கதான் மாமா கூட்டியாந்து வெச்சீங்க. மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிடுங்க."

ஜூன் 5
சொல்லத்தான் மாடி ஏறினேன். சொல்லவில்லை.

செல்போனில் ஒருவர் பாட, தம்பி வாசித்துக்கொண்டிருந்தார். "இன்னா பாட்டு இது?"

"ப்ளூஸ், தாத்தா. அமெரிக்காவுல பருத்திக் காட்டுல ஒழைச்ச கறுப்பு ஜனங்க உண்டாக்கினது."

பாடுகிறவர் ஒரே வரியை இரண்டு முறை பாடுகிறார். பாஷை தெரியாது. ஆனால் இரண்டாம் முறை தம்பி தாளத்தை மாற்றினார். முதலில் சேதி சொன்ன வரி இப்போது கெஞ்சியது. வரி அதேதானே? எப்படி?

ஜூன் 7
நானும் தொடையில் தட்டினேன். தம்பி சிரித்தார். "நாலு நாலா எண்ணுங்க. ஒண்ணுல வுட்டுடுங்க தாத்தா. ரெண்டுலயும் நாலுலயும் தட்டுங்க."

மீசை முளைத்த நாளிலிருந்து மார்கழி பஜனையில் ஜால்ரா போட்ட கை. முதல் அடிக்குத்தான் ஓடுகிறது. பேஜாரு!

ஜூன் 8
சாப்பிடும்போதும் தட்டினேன். "தட்டுல இன்னா மாமா தாளம்? அந்தாளுகிட்ட சொன்னீங்களா, இல்லியா?" என்றாள் வேணி.

"சொல்றேன்மா" என்றேன்.

ஜூன் 12
கை பழகிவிட்டது! ஒன்றில் காத்திருந்து இரண்டில் விழுகிறது.

ஓர் இடத்தில் தம்பி அடிக்கவே இல்லை. "மறந்துட்டியா?" என்றேன்.

"பாடறவரு அங்க ஒடைஞ்சி போறாரு தாத்தா. நான் இன்னாத்துக்குக் குறுக்க?"

சும்மா இருப்பதும் வாசிப்பா? நாளெல்லாம் யோசித்தேன்.

ஜூன் 15
ஊசி போடும்போது தூக்கத்தில் கண் சொருகியது என்று சொல்லி வேணி அழுதாள். இத்தனை நாள் என் சந்தோஷத்தை மட்டும் பார்த்துக்கினு இருந்தேனே — நான் இன்னா மனுஷன்?

நேராக மாடி ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி முகம் வாடியது. "அப்ப வேற ரூம் பாக்கறேன், தாத்தா."

படிவரை போய்த் திரும்பினேன். "சும்மா இருக்கறதும் வாசிப்புன்னியே. பகல்ல அப்படி வாசிக்க முடியாதா?"

தம்பி கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்தார்.

ஜூன் 17
டிரம்ஸை உறை போட்டு மூடிவிட்டார். காலி சூட்கேஸ் மேல், டிரம்ஸ் வாசிக்கும் கம்பி பிரஷால் தேய்க்கிறார். முறத்தில் கேப்பை புடைப்பது போல் ஒரு சத்தம், நடுநடுவே விரலால் மெல்ல ஒரு தட்டு. அதே ப்ளூஸ்! இப்போது பாட்டு காதோடு பேசுகிறது.

"சனிக்கிழமை மேடையிலயும் இப்படியே வாசிக்கப் போறேன்" என்றார்.

ஜூன் 20
வேணி மூன்று மணி வரை தூங்கினாள். காலி பண்ணும் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஜூன் 29, சனி
வழக்கமாகச் சாயங்காலம் கிளம்பும் தம்பி இன்று காலையிலேயே புதுச்சேரி போய்விட்டார். வேணி படுத்தாள், புரண்டாள், எழுந்து வந்தாள்.

"இன்னா மாமா, மேல சத்தமே காணோம்? தூக்கம் வர்ல. நாளைக்கு வந்துடுவாரு இல்ல?"

"வந்துடுவாரும்மா. நீ போய்ப் படு."

கதவு சாத்தியதும் அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, துடைப்பத்தால் மெல்லத் தேய்த்தேன். இரண்டில் ஒரு தட்டு. நாலில் ஒரு தட்டு. உள்ளே கட்டில் சத்தம் நின்றது. ஒன்றில் நான் கை வைக்கவே இல்லை.