தீவுக்காரனுக்கு எந்த உரு?

என் ஆசை அத்தைக்கு,

சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தீவுக்காரன் ஓய்வு பெற்றுவிட்டான். கடைசி கிரிக்கெட் ஆட்டத்தை அவனுடைய சொந்தத் தீவிலேயே ஆடினான். நீ இருந்திருந்தால் அதற்காக ஒருநாள் லீவு போட்டிருப்பாயா?

குழாய்க் கம்பெனியில் உன் டிஸ்பாட்ச் மேசையில் இப்போது வேறு ஒருவர் இருக்கிறார். எனக்கு அங்கேயே லேபில் வேலை கிடைத்திருக்கிறது. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு அதே கம்பெனி பஸ், அதே டிரைவர் ஏழுமலை அண்ணன். உன் ஜன்னல் சீட்டில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காருகிறேன். அவர் படிக்க விடுவதில்லை. "இன்னா பாப்பா, உங்க அத்தை மாரி ஸ்கோர் சொல்ல மாட்டியா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்பார். அவருக்காகவே ஸ்கோர் பார்க்கத் தொடங்கினேன். பிறகு எனக்காகவும்.

அவனை நீ கண்டுபிடித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒல்லியாக, உயரமாக, பத்தொன்பது வயதுப் பையன். முதல் ஓவரிலேயே நம் ஆளின் ஸ்டம்பைப் பறக்க விட்டான். நீ கை தட்டினாய். கோயிலில் பிரபந்தம் சேவித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "யார் பக்கம்டி நீ?" என்றார். "அவன் ஊரே கையகலம் அண்ணா. ஒரு மணி நேரத்துல கார்ல இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போயிடலாமாம். நாம கும்மிடிப்பூண்டி போறதைவிடக் கிட்டக்க. அங்கேர்ந்து ஒருத்தன் வந்து நம்மாளை அவுட் ஆக்கினா தட்ட வேண்டாமா?" என்றாய். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

சில வருஷங்கள் அவன் பந்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அப்புறம் தோள் போயிற்று. ஆபரேஷன், அணியில் இடமில்லை, பெயர் தெரியாத லீகுகளில் ஒன்றிரண்டு ஓவர், மறுபடியும் வலி. பேப்பர்காரர்கள் அவனை மறந்தார்கள். நீ ஓர் அமாவாசையன்று வெல்லத்தை எடுத்துக்கொண்டு வீரராகவர் கோயில் குளத்துக்குப் போனாய். நம் ஊரில் நோய் தீர வேண்டுமென்றால் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். தோல் வியாதிக்குக் கரைப்பார்கள், வயிற்று வலிக்குக் கரைப்பார்கள். வெளிநாட்டு பௌலரின் தோளுக்குக் கரைத்தது நீ ஒருத்திதான்.

அர்ச்சனைக்குப் போனால், பட்டர் மாமா பெயரைக் கேட்டு முழித்தார். "வாயிலேயே நுழையலையே. நட்சத்திரம்?"

"தெரியாது மாமா. பெருமாள் நட்சத்திரமே சொல்லிடுங்கோ. திருவோணம்."

"யாருடி இது?"

"தூரத்து உறவு."

எவ்வளவு தூரம் என்று நல்லவேளையாக அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "மன்னி, அவனுக்கு நல்லதாச்சுன்னா உரு போடறேன்னு வேண்டிண்டிருக்கேன்" என்றாய். குணமான உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவதுதானே உரு; எந்த உறுப்பு என்று நீ சொல்லவில்லை. அடுத்த மார்கழியில் நீ எங்களை விட்டுப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அவன் திரும்பி வந்தான் அத்தை! ஆனால் வேகப் பந்துவீச்சாளனாக இல்லை. ஓடிவருவதற்குப் பதில் நாலு எட்டு நடந்து வந்து, மெதுவாகச் சுழற்றிப் போட்டான். பழைய ஆளின் சித்தப்பா போல இருந்தான். முதல் நாள் நன்றாக அடி வாங்கினான். வர்ணனையாளர்கள் பாவம் என்றார்கள். நாலாம் நாள், அதே மெதுவான பந்தில் அடுத்தடுத்து மூன்று பேர் ஏமாந்தார்கள். அன்று அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பத்தொன்பது வயதில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலை. போனவளின் வேண்டுதல் பாக்கி நிற்கக் கூடாதாம். தினமும் விளக்கேற்றும்போது உன் படத்தைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். தோளுக்கு வேண்டியதால் வெள்ளித் தகட்டில் கை உருதான் வாங்க வேண்டும் என்றாள். ஆனால் வாங்கவும் மனம் வரவில்லை. "தோள் சரியாகலையேடி. சரியாகியிருந்தா அவன் ஏன் மெதுவாப் போடறான்? ஆகாததுக்கு உரு போட்டா பெருமாளைக் கிண்டல் பண்றாப்ல ஆயிடாதா?"

இதைப் பஸ்ஸில் சொன்னபோது ஏழுமலை அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஸ்பீடா போட்டா இன்னா, ஸ்லோவா போட்டா இன்னா? விக்கெட் விழுந்துச்சா இல்லியா? கை உரு வாங்கிப் போடச் சொல்லு உங்கம்மாவ."

அம்மா அசையவில்லை. அவன் ஆடிய காலமெல்லாம் இந்த வழக்கு நடந்தது. இருவருக்கும் தூது நான். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று எத்தனை முறை நினைத்தேன் தெரியுமா?

போன வாரம் கவரைப்பேட்டையில் பஸ் டீக்கு நின்றபோது, அவனுடைய கடைசி ஆட்டத்தின் வீடியோவை ஏழுமலை அண்ணனுக்குக் காட்டினேன். எல்லோரும் கட்டிப்பிடித்து முடித்த பிறகு, அவன் அணியின் பஸ்ஸில் ஏறவில்லை. ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்போடு மைதானத்து கேட்டைத் தாண்டி, தெருவில் நடந்தான். இரண்டு பக்கமும் ஜனங்கள். வீடு அவ்வளவு பக்கம். வாசலில் அவன் அம்மா நின்றிருந்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

ஏழுமலை அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா இத்த தாம்மா கேட்டாங்க! அன்னிக்கு நானும் கொளத்தாண்ட இருந்தேன். 'தோளு நல்லாவணும்னு வேண்டிக்கினியாக்கா?'ன்னு கேட்டேன். 'அது டாக்டர் பாத்துப்பார். அவன் அழுதுக்கினு ஆட்டத்த விடக் கூடாது, சிரிச்சிக்கினு ஊட்டுக்குப் போவணும், அவ்ளோதான்'னாங்க."

"ஏண்ணா இத்தனை நாள் சொல்லலை?"

"யாரு கேட்டீங்க? உங்கம்மா தோளுன்னாங்க. நான் விக்கெட்டுன்னேன். அந்தச் சண்டையில இது மறந்தே பூட்ச்சு. பேஜாருமா."

அன்று மாலை அம்மாவிடம் வீடியோவைக் காட்டி, உன் வார்த்தையைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அவன் கேட்டிலிருந்து வாசல்வரை நடப்பதை மறுபடியும் போடச் சொன்னாள். பார்த்து முடித்ததும், "கை உரு வேண்டாம்டி. கால் உரு வாங்கிடு. ரெண்டு காலும் இருக்கறதாப் பாத்து வாங்கு" என்றாள்.

வாங்கிவிட்டேன் அத்தை. சின்னதாக, விரல்கள்கூடத் தெரிகிறாற்போல ஒரு ஜோடி. வரும் அமாவாசையன்று, அம்மாவையும் ஏழுமலை அண்ணனையும் அழைத்துக்கொண்டு போய், உன் பெயரைச் சொல்லி நானே உண்டியலில் சேர்க்கிறேன். இது சத்தியம்.

உன் அண்ணன் பெண்,
பூமா