குகைக்குப் போய்வரும்வரை

ஹனோய்,
11.03.2025

அன்புள்ள மாமிக்கு,

நாங்கள் இருவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். இவருக்கு மட்டும் விமானச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளாக வெறும் கஞ்சிதான்.

உங்கள் கட்டளை நேற்றுக் காலை கிடைத்தது. குகைக்குப் போய்வரும்வரை தொலைபேசியில் கதைக்கக் கூடாது, வாட்ஸ்அப், முகநூல் எதுவும் திறக்கக் கூடாது, உங்களோடுகூட ஹோட்டல் கணினியிலிருந்து மின்னஞ்சலில் கடிதம்தான். இப்படி ஒரு விரதத்தை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. "அம்மா உதை எந்த ஐயரிட்டக் கேட்டவ?" என்று இவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் இரண்டு போன்களையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம்தான்.

பிள்ளைக்காக மூன்று முறை சிகிச்சை செய்து, மூன்று முறையும் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த என்னை, ஒரு கல்லையாவது கேட்டுப் பாரும் என்று இங்கே அனுப்பியது நீங்கள்தானே. என்னோடு வேலை செய்யும் லியென் இந்தக் குகையையும் பிள்ளை வரம் தரும் அதன் கற்களையும் பற்றிச் சொன்ன அன்று, சிவபெருமான் இதற்கெல்லாம் கோவிக்கமாட்டார் என்று தீர்ப்புச் சொன்னதும் நீங்கள்தான். லீவில் இங்கே வந்திருக்கிற லியெனே வெள்ளிக்கிழமை எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

பெரியப்பாவின் சளி எப்படி இருக்கிறது? நாங்கள் வெளிக்கிட்ட அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, "போட்டு வாங்கோ, நான் எங்க ஓடியா போகப்போறன்" என்றார். இவருக்கு அது மனதுக்குள்ளேயே கிடக்கிறது. தகப்பன் இல்லாத தம்பி மகனைத் தன் பிள்ளையாக, நாடு விட்டு வந்த புதிதில் பார்க்டேல் ஒற்றை அறையில் வைத்து வளர்த்து, தனக்கென்று ஒரு கலியாணம்கூடச் செய்யாத மனிதரை விட்டுவிட்டு வந்தது சரியோ என்று நாளுக்கு நாலு தரம் கேட்கிறார். இவருடைய ஆறுதலுக்காக ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்,
சாம்பவி


மோர்னிங்சைட்,
11.03.2025

அன்பான சாம்பவிப் பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. சாவியை அவன் கையில் கொடுத்துவிடாதேயும். கிரிக்கெட் பார்க்கப் பெட்டியை உடைக்கவும் கூசமாட்டான். கஞ்சியில் கொஞ்சம் இஞ்சி தட்டிப் போடும்படி ஹோட்டல்காரரிடம் சொல்லும்.

இங்கே திரும்பவும் பனி கொட்டியது. பக்கத்து வீட்டு றெமிஜியஸ் அண்ணை வந்து வாசலைத் துப்புரவாக்கினார். இரண்டு நாளாகச் சாப்பாடும் அவர் வீட்டிலிருந்துதான் வருகிறது. எனக்குக் கொஞ்சம் களைப்பு, வேறொன்றுமில்லை.

பெரியப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்று இரண்டு இடியப்பம் சொதியோடு சாப்பிட்டார். சொதியில் உப்புக் காணாதாம், என்னை ஒரு பிடி பிடித்தார். அவனிடம் சொல்லும்.

பிள்ளை, குகைக்குள் போனால் வேறு யாரையும் நினைக்க வேண்டாம். நீர் எப்போதும் மற்றவர்களுக்கென்று கேட்கிற ஆள். இந்த ஒருமுறை வெட்கப்படாமல் உமக்கென்று கேளும். போய்வந்து எல்லாம் எழுதும்.

அன்புடன்,
மாமி


ஹனோய்,
14.03.2025

என் அன்பு மாமி,

போய்வந்துவிட்டோம்! கால் இரண்டும் என்னுடையவை இல்லைப் போலிருக்கிறது. ஆனாலும் எழுதாமல் படுக்க மனமில்லை.

பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம், பிறகு ஓர் ஆற்றில் தகரப் படகு. துடுப்புப் போட்டவ ஒரு பெண், உங்கள் வயதுதான் இருக்கும். இரண்டு பக்கமும் சுண்ணக்கல் மலைகள். எங்களைப் பார்த்ததும் லியெனிடம் ஏதோ கேட்டுச் சிரித்தா. "எத்தனை வருசமாம் கலியாணம் கட்டி?" என்பதுதான் கேள்வியாம். மோர்னிங்சைட் அன்ரிமாருக்குச் சொந்தக்காரியாக இருக்கவேண்டும்.

அந்தக் குகையின் கதையை அவதான் சொன்னா. ஓர் அரசனுக்கு மூன்று பெண்கள். கடைசிப் பெண் தகப்பன் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளைக் கொல்லச் சொன்னானாம் அரசன். ஒரு புலி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய் இந்தக் குகையில் விட்டது. ஒன்பது வருசம் தவம் இருந்தாள். பிறகு அரசனுக்குத் தீராத வருத்தம் வந்தபோது, தன் கண்ணையும் கையையும் மருந்துக்குக் கொடுத்து அவனைப் பிழைக்கவைத்தாளாம். அவளைத்தான் இங்கே தெய்வமாகக் கும்பிடுகிறார்கள்.

மலை ஏறி, பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் குகை. வாய் அவ்வளவு பெரிது, உள்ளே ஊதுபத்திப் புகை. மேலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குச் சனம் கையேந்தி நிற்கிறது. ஆண்பிள்ளை வேண்டுமென்றால் ஒரு கல், பெண்பிள்ளைக்கு இன்னொரு கல். தொட்டுத் தொட்டு இரண்டும் எங்கள் வீட்டுக் குத்துவிளக்குப் போல மினுங்குகின்றன.

கோவிக்காதேயுங்கோ மாமி. பெண்பிள்ளைக் கல்லில் கை வைத்தேன். வாயில் வந்தது பெரியப்பாதான். படகுக்காரி சொன்ன கதையோ என்னவோ, தகப்பன் பிழைத்தது மட்டும்தான் மனதில் நின்றது. "நாங்கள் வரும்வரை அவருக்கு ஒன்றும் வரக்கூடாது, சுகமாக்கித் தா" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால், இவர் மற்றக் கல்லில் கை வைத்துக் கண்ணீரோடு நிற்கிறார். அவரும் அதையேதான் கேட்டாராம்! இரண்டு வரமும் ஓர் ஆளுக்கே போய்விட்டது.

பிள்ளை கேட்டவர்கள் திரும்பும்போது படகில் ஓர் இடம் விட்டு இருக்கவேண்டுமாம், பிள்ளை வந்து குந்துவதற்கு. நாங்கள் விடவில்லை. லியென் தலையில் அடித்துக்கொண்டாள்.

விரதம் முடிந்தது. விடிந்ததும் போன்களை எடுப்போம். முதல் அழைப்புப் பெரியப்பாவுக்குத்தான் என்று இவர் சொல்லிவிட்டார்.

சாம்பவி


மோர்னிங்சைட்,
14.03.2025

சாம்பவி,

அவனைப் போன் எடுக்க விடாதேயும். முதலில் இதை வாசியும்.

உங்கள் பெரியப்பா ஒன்பதாம் திகதி காலை மோசம் போய்விட்டார். நித்திரையிலேயே போனார் என்று தாதி சொன்னாள். புதன்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. இடியப்பமும் சொதியும் நான் கட்டிய பொய். அதை எழுதிவிட்டுக் குசினியில் நின்று அழுதேன். என் குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் கடிதம், விரதம் எல்லாம்.

செத்த வீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள், அதுவரை கோயில் கூடாது. சொல்லியிருந்தால் கோயில் என்று பெயருள்ள எந்த வாசலையும் நீர் மிதித்திருக்கமாட்டீர். அவன் அன்றே விமானம் ஏறியிருப்பான். கேள்விப்படாதவர்களுக்குத் துடக்கு இல்லை என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன். ஐந்தே நாள்தானே, கல்லைத் தொட்டுவிட்டு வரட்டும், விமான நிலையத்தில் வைத்துச் சொல்லுவோம் என்று நினைத்தேன். உம்முடைய கடிதத்துக்குப் பிறகு என்னால் முடியவில்லை. பிள்ளைக்காக அனுப்பினேன், நீங்கள் இரண்டு பேரும் செத்த மனிதருக்கு உயிர் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

பெரியப்பாதான் சொல்லவேண்டாம் என்றார் என்று எழுதலாமோ என்றும் யோசித்தேன். எல்லோரும் நம்புவார்கள். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. "மிதுன் எப்ப வாறான்?" என்று மட்டும் கேட்டார். முடிவு எடுத்தது நான்.

கொள்ளிக் குடம் தூக்கியது விட்பியிலிருந்து வந்த தூரத்துப் பெறாமகன் ஒருவன், தம்பி முறையானவரின் பிள்ளை. செத்தவரின் பெயரை ஐயர் கேட்டபோது, அவனுக்கு முழுப்பெயர் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். "இராஜரட்ணம்" என்று நான்தான் சொன்னேன். சனம் இப்போது மிதுனைத்தான் குறை சொல்லுகிறது, வளர்த்த மனிதர் சாக ஊர் சுற்றுகிறான் என்று. நான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அவனுக்கு நீரே சொல்லும். எனக்குக் கை வரவில்லை.

மாமி


ஹனோய்,
16.03.2025

மாமிக்கு,

சொன்னேன். இவர் குளிக்கப் போய் ஒரு மணித்தியாலம் வெளியே வரவில்லை. வந்தபிறகு பயணச்சீட்டை மாற்றினார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்து இறங்குகிறோம்.

எனக்கும் கோபம்தான் மாமி. எழுதாமல் விட்டால் அது உள்ளே கிடந்து புளிக்கும். எனக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று, பிள்ளை இல்லாத மனிதரைப் பிள்ளை இல்லாமலே அனுப்பிவிட்டீர்கள். நீங்கள் என்னில் வைத்த பாசத்தால் இவ்வளவும் வந்தது என்று நினைக்கும்போது, அந்தப் பாசத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னைப் பெற்ற அம்மாகூட எனக்காக இப்படி ஒரு பாவத்தைத் தலையில் போட்டிருக்கமாட்டா. அதுதான் என்னை அதிகம் அழவைக்கிறது.

சாம்பலை யாரிடமும் கொடுக்காதேயுங்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு இவர்தான் இருப்பார். விட்பிக்காரரைக் கூப்பிடுங்கள், குறை சொன்ன எல்லோரையும் கூப்பிடுங்கள், அவர்களுக்கு முன்னால் நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் பக்கத்தில் நிற்பேன். பிள்ளையைப் பற்றி அதற்குப் பிறகு, ஆறுதலாகக் கதைப்போம்.

நீங்கள் வரவேண்டாம், டாக்ஸியில் வருவோம் என்று இவர் சொல்லச் சொன்னார். அது இவருடைய செய்தி, சொல்லிவிட்டேன். என்னுடையது வேறு. றெமிஜியஸ் அண்ணையோடு விமான நிலையத்துக்கு வாருங்கள். இவர் முகம் கொடுக்கமாட்டார். அதற்கும் சேர்த்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாருங்கள். செய்ததை நான் மன்னித்துவிடுவேன் மாமி, கொஞ்ச நாள் செல்லும். வாசலில் உங்களைக் காணாவிட்டால், அதை மன்னிக்கமாட்டேன்.

உங்கள்
சாம்பவி