கேஸ்ட்ரிக் என்று சொன்ன வருத்தம்

என்னப்பா,

இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. பயப்படாமல் வாசியுங்கள், இப்போது நான் சுகம்.

மூன்று மாதம் போகட்டும் என்று பிள்ளை தங்கியதை நீங்களும் நானும் யாருக்கும் சொல்லாமல் இருந்தோம். அதனால் கலைந்ததையும் உங்களைத் தவிர யாருக்கும் சொல்ல முடியவில்லை. கலைந்து ஆறு கிழமை, ஒன்றரை மாதமாகியும் இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஏன் சோர்ந்திருக்கிறாய் என்று கேட்டவர்களிடம் "கேஸ்ட்ரிக்" என்றேன். வெள்ளவத்தை முழுக்க எனக்கு வைத்தியம் பார்த்தது. மேல்மாடியிலிருந்து இஞ்சித் தேநீர், கீழ்மாடியிலிருந்து ஓமத்தண்ணீர். எதிர்வீட்டு ஞானாம்பிகை அன்ரி மட்டும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குக்கறியை அனுப்பினார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

புதன்கிழமை படியேறும்போது தலைசுற்றி அப்படியே படியில் குந்தி இருந்துவிட்டேன். அன்ரி ஒன்றும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்தார்.

டொக்டர் ஸ்கான் பார்த்தார். "கருவின் மிச்சம் கொஞ்சம் உள்ளுக்க தங்கியிருக்கு. அதுதான் இரத்தம் நிக்கேல்லை. எடுத்துவிட்டால் சரி."

"இனியும் பிள்ளை தங்குமோ டொக்டர்?" என்று நான் கேட்பதற்கு முன்னால் அன்ரி கேட்டார்.

"ஓம், தங்கும்."

வெளியே வந்ததும், "அன்ரி, கேஸ்ட்ரிக் எண்டு பொய் சொன்னனான்..." என்று இழுத்தேன்.

"எனக்கும் அந்தக் கேஸ்ட்ரிக் ரெண்டு தரம் வந்தது, பிள்ளை. பேசாமல் நட."

காலிக்குப் போகிற பெருவீதியில் பஸ்ஸை மறித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் எடுத்துவிட்டார்கள். இரத்தம் நின்றுவிட்டது. இரும்புச்சத்துக் குளிசை குடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை டோஹாவிலிருந்து கோல் எடுக்கும்போது அங்கத்தைய வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். இரண்டு மாதமாக அதைத்தானே கதைத்தோம்? எங்கள் பிள்ளையைப் பற்றிக் கதையுங்கள். நான் அழுதால் போனை வைத்துவிடாதீர்கள்.

உங்கள் மனைவி