லா பாஸுக்கு வருகிறவர்களுக்கு

அக்டோபர் 6
விடுதி முதலாளி எவரிஸ்தோ காலையில் ஒரு வேலை கொடுத்தார். "ரெமெதியோஸ், வர்றவங்க எல்லாம் உன்கிட்டதான் கேக்கிறாங்க. ஒரு தாள்ல எழுதிக் குடு, அறைக்கு ஒண்ணு ஒட்டிருவோம்." பதினோரு வருடமாக இங்கே காலைச் சாப்பாடு போடுகிறேன். ரொட்டியோடு தலைவலி வைத்தியமும் சேர்த்துத்தான் பரிமாறுவது. சரி என்றேன். வீட்டில் வேறென்ன வேலை? ஒரு தட்டைக் கழுவ எவ்வளவு நேரமாகும்?

அக்டோபர் 8
எழுதிய வரை:
தலைநகர் லா பாஸுக்கு நல்வரவு. விமானம் இறங்குவது எல் ஆல்தோவில், நாலாயிரம் மீட்டர் உயரம். முதல் நாள் ஊர் சுற்றாதீர்கள், படுங்கள். கோகா இலைத் தேநீர் குடியுங்கள். சாயங்காலம் சூப் போதும். குளிருகிறதே என்று நம்பாதீர்கள், வெயில் தோலை உரித்துவிடும். தெருவில் தானாக வந்து நிற்கும் டாக்சியில் ஏறாதீர்கள், போன் செய்து வரவழையுங்கள். வெளியூர் போகும் முன் சாலை மறியல் உண்டா என்று விசாரியுங்கள். வழியை மூன்று பேரிடம் கேளுங்கள். தெரியாது என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது.
எவரிஸ்தோ படித்துவிட்டு, "தலைநகர்னு போட்டிருக்கியே, சூக்ரேக்காரன் எவனாவது தங்க வந்தா சண்டைக்கு நிப்பான்" என்றார். நிற்கட்டும். சட்டப் புத்தகத்தில்தான் சூக்ரே தலைநகர், அரசாங்கம் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறது.

அக்டோபர் 11
புவனோஸ் அயர்ஸிலிருந்து மகள் தனிட்சா பேசினாள். ஒன்பது வருடமாக அவள் எனக்கு வெறும் குரல்தான். அப்பாவின் அடக்கத்துக்குக்கூட வர முடியவில்லை. "அம்மா, இந்த வருஷம் மேசைக்கு வரேன்" என்றாள்.
நவம்பர் ஒன்று, செத்தவர்கள் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வரும் நாள். என் வீட்டுக்காரர் ஃபெர்மினுக்கு இது மூன்றாவது படையல் மேசை. மூன்றாவதோடு ஆன்மாவை வழியனுப்பிவிட வேண்டும். முதல் இரண்டுக்கும் பிரார்த்தனை சொல்ல வந்தவர்கள் ரொட்டியை வாங்கிக்கொண்டு போன பிறகு நான் ஒருத்திதான் இருந்தேன். இந்தத் தடவை இரண்டு பேர்! சந்தோஷத்தில் சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 12
அவள் கட்டிலுக்கு விரிப்பு வாங்கினேன். மஞ்சள்.

அக்டோபர் 15
"அம்மா, ஒண்ணு சொல்லணும், திட்டாத. எனக்கு ஆறு மாசம்." திட்டவா? அழுதுகொண்டே சிரித்தேன். அப்புறம் மெதுவாக மற்றதைச் சொன்னாள். "ரத்த அழுத்தம் கொஞ்சம் இருக்காம். உயரத்துக்குப் போகாதேங்கிறார் டாக்டர். அவருக்கென்ன தெரியும், நான் அங்கயே பொறந்தவ. நீ சொல்லு. நீ வான்னா வரேன்."
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். எதற்கு நாளைக்கு?

அக்டோபர் 16
சொல்லவில்லை. தாளில் கர்ப்பிணிகளுக்கான வரி மட்டும் பாக்கி. பிறந்த மண்தானே, உடம்பு மறந்துவிடுமா — எனக்கு நானே வக்கீல். போன வருடம் ஒரு பிரெஞ்சுப் பெண் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு வந்து, உதடு நீலமாகிக் கிடந்தாள். இன்றைக்கே கீழே அனுப்புங்கள் என்று கத்தியது யார்? நான்தான். ஊரான் பெண்ணுக்கு ஒரு நியாயம், எம்பொண்ணுக்கு ஒரு நியாயமா? தனியா உக்கார முடியலேன்னா அதுக்கு அவ உசிரா கேக்குது உனக்கு? தூ.

அக்டோபர் 17
எழுதிவிட்டேன். "மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன கர்ப்பிணிகள் வர வேண்டாம். இங்கே பிறந்தவர்களுக்கும் இது பொருந்தும்." அதை அப்படியே போனில் அவளுக்குப் படித்தேன்.
"அப்போ வராதேங்கிற."
"ஆமா."
வைத்துவிட்டாள்.

அக்டோபர் 21
கூப்பிட்டால் எடுப்பதில்லை. விரிப்பை மடித்து உள்ளே வைத்தேன். வீடு பெரிதாக இருக்கிறது.

அக்டோபர் 25
இன்று எடுத்தாள். நான் முந்திக்கொண்டேன். "சாந்தா குரூஸ் வரைக்கும் வர டாக்டர் விடுவாரா? அது தாழ்ந்த ஊர்தான். மேசைய நான் அங்க கொண்டு வரேன்."
கேட்டுச் சொல்கிறேன் என்றாள். சாயங்காலமே கேட்டுச் சொன்னாள். விடுகிறாராம்!
மாடி வீட்டு ஓர்த்தென்சியாவுக்குத்தான் பொறுக்கவில்லை. மேசையைச் செத்தவர் வாழ்ந்த வீட்டில்தான் போட வேண்டும். "கிறுக்காடி உனக்கு? அந்த மனுஷன் பன்னெண்டு மணிக்கு இங்க வந்து பூட்டைப் பாத்துட்டு நிக்கணுமா? மூணாவது வருஷம் வேற!"
"முப்பது வருஷம் மினிபஸ் ஓட்டினவருக்கு வழி தெரியாதாக்கா?"
"எல் ஆல்தோ வழி தெரியும். அந்த வேக்காட்டுக்கு என்னைக்காவது போயிருக்காரா?"
போனதில்லை. மேசையைக் காணாமல் அவர் அலைந்தால் அது என் பாவம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிரோடு இருப்பவள் அந்தப் பக்கம் இருக்கிறாளே.

அக்டோபர் 29
கல்லறைக்குப் போய் ஃபெர்மினிடம் விவரம் சொன்னேன். கிழக்கே போகும் பஸ், கொச்சபாம்பாவில் இறங்க வேண்டாம், அதற்கும் அப்பால். கம்பளிச் சட்டை வேண்டாம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது தெரு, தனிட்சா வாடகைக்குப் பிடித்திருக்கும் வீடு, பச்சைக் கதவு. பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்தவள் என்னையே பார்த்தாள். பார்க்கட்டும்.

அக்டோபர் 31, பஸ்ஸில்
விசாரித்துக் கிளம்பியும் பாதி வழியில் மறியல். சாலை முழுக்கக் கல். எல்லோரும் இறங்கி மூட்டை முடிச்சோடு நடந்து, அந்தப் பக்கம் நின்ற வேறு பஸ்ஸைப் பிடித்தோம். ஒரு மணி நேர நடை. என் முதுகில் மேசைக்கான ரொட்டி. அதில் ஒன்று ஃபெர்மினுக்காகச் சுட்ட ஆள் உருவம், முகம் வைத்தது. மறியல்காரன் ஒருவன் தடுத்தான். "மூட்டையில என்னம்மா?"
"எம் புருஷன்."
தொப்பியைக் கழற்றிவிட்டு வழி விட்டான்.

நவம்பர் 1, சாந்தா குரூஸ்
பச்சைக் கதவைத் திறந்தவளுக்கு என் மாமியாரின் கன்னம். ஒன்பது வருடத்தில் எப்போது வந்தது அது? கட்டிக்கொள்ளப் போனால் வயிறு இடித்தது. வாசலிலேயே நின்று அழுதோம்.
கறுப்புத் துணி விரித்து ரொட்டி, கரும்பு, பழம், அவருக்குப் பிடித்த காரக் கோழிக் குழம்பு, ஒரு பீர் எல்லாம் வைத்தோம். பன்னிரண்டுக்கு ஜன்னலைத் திறந்தேன். மேலே எங்கள் குளிரில் இந்த நேரத்துக்கு ஒரே ஒரு ஈ வந்து மேசையில் உட்காரும். அவர் வந்துவிட்டார் என்று எழுந்து நிற்போம். இங்கே திறந்ததும் முப்பது ஈயாவது உள்ளே வந்துவிட்டது. குழம்பு தெரியவில்லை.
தனிட்சா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுல அப்பா எதும்மா?"
எனக்கு மட்டும் தெரியுமா?
"எதையும் விரட்டாதடி" என்றேன்.
இருவரும் எழுந்து நின்றோம். அவளுக்குக் கால் வலித்ததும் உட்கார்ந்தோம். சாயங்காலம் வரை ஒருத்தியும் கையை அசைக்கவில்லை.